காணாமப் போன 192 ரூபாய்!

போன வாரம் அட்டெண்டன்ஸ் பத்திப் புலம்பினோம். இந்த வாரம் அதுக்கு அண்ணன் முறை ஆகிற மேட்டர். காலேஜ்ல லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போகும். வேலையில லீவு போட்டா என்ன போகும்? காசு பாஸ், காசு!

ஃப்ளாஷ்பேக் போயிடலாமா? எங்களது ஆட்டோனமஸ் காலேஜ். ஏப்ரல்லயே எக்ஸாம் முடிஞ்சிடுச்சு. டிரிபிள் ஈ படிக்கிற பையன் ஊர்ல சும்மா இருந்தா அப்பா விடுவாரா? நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு மோட்டார் ரீவைண்டிங் வொர்க்‌ஷாப். பேர் வேண்டாம். மில்லு மோட்டார், ரைஸ்மில் மோட்டார், போர்வெல் மோட்டார்னு சுத்துப்பட்டு ஊர்ல எது எரிஞ்சாலும் அங்கதான் அட்மிட் ஆகும். ரெண்டு மாச இன்டர்ன்ஷிப், மாசம் 5,000 ரூபாய் ஸ்டைபெண்ட். வாழ்க்கையில முதல் சம்பளம்! வாங்குறதுக்கு முன்னாடியே அம்மாவுக்குப் புடவை, தங்கச்சிக்கு ஹெட்போன், மிச்சத்துக்குப் பிரியாணினு மனசுக்குள்ள பட்ஜெட்டே தாக்கல் பண்ணிட்டேன்.

முதல் மாசம் முடிஞ்சு கவர் கையில வந்துச்சு. எண்ணினேன். 4,808. திரும்ப எண்ணினேன். 4,808-தான்.

அக்கவுன்ட்ஸ் பார்க்கிற சார்கிட்ட போய், "சார், 192 ரூபாய் குறையுது"ன்னேன்.

அவர் நோட்டைப் புரட்டிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மே 1 நீ வரலையே தம்பி!"

"சார், அன்னிக்கு மே தினம்! ஊருக்கே லீவு!"

"லீவுதான். நான் இல்லேன்னா சொன்னேன்? லீவுக்கு யாராவது காசு தருவாங்களா?"

5,000-ஐ 26-ஆல வகுத்து, ஒரு நாளைக் கழிச்சிருக்கார். கணக்கெல்லாம் கரெக்ட். நியாயம்தான் எங்கேயோ இடிக்குது. உழைப்பாளர் தினத்துக்கு வீட்டுல இருந்ததுக்கு ஒரு உழைப்பாளிக்கு அபராதமா? வடிவேலு மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வார்னிஷ் டப்பா பக்கத்துல உட்கார்ந்து காயில் சுத்திக்கிட்டிருந்தார் ரீவைண்டிங் அண்ணன். ஆறு வருஷமா அங்க வேலை. நாள் கூலி 650. மோட்டாரைத் திறந்ததும் மோந்து பார்த்தே எந்தக் காயில் எரிஞ்சதுன்னு சொல்லிடுவார். நாங்க நாலு செமஸ்டர் படிச்சது அவர் மூக்குக்குள்ள இருக்கு! அவர்கிட்ட என் சோகக் கதையைக் கொட்டினேன். அவர் சிரிச்சார்.

"நீ வரலை, உனக்குக் கட்டு. நான் வந்தேன் தம்பி. காலையில கொடி ஏத்தினோம், ஆளுக்கு ஒரு லட்டு குடுத்தாங்க, எட்டரைக்கு மிஷின் ஆன் பண்ணிட்டோம்."

"டபுள் சம்பளமாண்ணா?"

"லட்டுதான் டபுள். ரெண்டு எடுத்துக்கிட்டேன்."

லீவே எடுக்காத ஊரு

நெய்வேலியில லீவுங்கிறது கொஞ்சம் வித்தியாசமான சரக்கு. ஏன்னா இந்த ஊரு பொறந்ததுல இருந்து லீவே எடுத்ததில்ல!

சின்னதா ஹிஸ்டரி. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார்ங்கிறவர் தன் நிலத்துல கிணறு தோண்டும்போது தண்ணியோட சேர்ந்து கருப்பா, பழுப்பா என்னவோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சாங்க. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 2016-ல அதே நிறுவனம் 'என்.எல்.சி. இந்தியா'ன்னு பேர் மாத்திக்கிச்சு. ஊர்க்காரங்களுக்கு எப்பவும் 'என்.எல்.சி.'தான்.

இந்தச் சுரங்கத்துல ஒரு விசேஷம் உண்டு. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பூமிக்குள்ள ஒரு பெரிய நீர்த்தேக்கம். சும்மா தேங்கி நிக்கிற தண்ணி இல்ல, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6-ல இருந்து 8 கிலோ வரைக்கும் அழுத்தத்தோட மேல் நோக்கித் தள்ளிக்கிட்டிருக்கிற தண்ணி. மேல இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துட்டா, அது சுரங்கத் தரையையே பொத்துக்கிட்டு மேல வந்துடும். அதனால போர் போட்டு, ராப்பகலா பம்ப் பண்ணி அந்த அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே இருக்கணும். பொங்கலா இருந்தாலும் சரி, தீபாவளியா இருந்தாலும் சரி, பம்ப்புக்கு லீவு கிடையாது. அந்தக் கரியை எரிச்சுக் கரன்ட் எடுக்கிற அனல்மின் நிலையமும் அப்படித்தான். 'இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பாய்லரை ஆஃப் பண்ணிட்டு பீச்சுக்குப் போலாம்'னு யாரும் சொல்ல முடியாது.

ஸோ, நீங்க வீட்டுல ஃபேன் போட்டு, கால் மேல கால் போட்டு, பண்டிகை ஸ்பெஷல் சினிமா பார்க்கிறப்போ, இங்க யாரோ ஒருத்தர் டிபன் பாக்ஸோட ஷிஃப்ட்டுக்குப் போயிட்டிருப்பார். இந்த ஊர்ப் பசங்களைக் கேட்டுப் பாருங்க. 'அப்பாவோட முழு தீபாவளி கொண்டாடினது எத்தனை தடவை?'ன்னு. விரல் விட்டு எண்ணுவாங்க.

யாராவது வேலை செஞ்சுதான் ஆகணும். அது புரியுது. கேள்வி என்னன்னா, அந்த நாளுக்கு என்ன விலை?

பர்மனென்ட்டா? கான்ட்ராக்ட்டா?

நெய்வேலியில மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்துக்கு முன்னாடி கேட்கிற கேள்வி இதுதான். ரெண்டு பேரும் ஒரே கேட்ல நுழைவாங்க, ஒரே தூசியைச் சுவாசிப்பாங்க. ஒருத்தருக்குச் சம்பளத்தோட லீவு, குவார்ட்டர்ஸ், போனஸ். இன்னொருத்தர் வேலை செஞ்ச நாளைக் கூட்டிப் பார்த்துத்தான் மாசத்தை ஓட்டணும்.

இதை எதிர்த்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பப் போராடியிருக்காங்க. 2010, 2012, 2014, அப்புறம் 2023. ஒவ்வொண்ணும் பெரிய ஸ்டிரைக். வாரக்கணக்குல வேலைக்குப் போகாம, அந்த நாள் கூலியையும் இழந்துட்டு நின்னிருக்காங்க. கோரிக்கை ரெண்டே வரி: பணி நிரந்தரம் பண்ணு, சம வேலைக்குச் சம ஊதியம் கொடு.

இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு இருக்கு. 1970-ல ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அடுத்த வருஷமே அதுக்கு மத்திய அரசு விதிகள் போட்டாங்க. நிறுவனத்தோட நேரடித் தொழிலாளி செய்யிற அதே மாதிரி வேலையை ஒப்பந்தத் தொழிலாளியும் செஞ்சா, சம்பளம் மட்டுமில்ல, விடுமுறையும் வேலை நேரமும்கூட ஒரே மாதிரி இருக்கணும்னு அந்த விதியிலேயே இருந்துச்சு. 1971-ல! எங்கப்பாவே அப்போ பொறக்கல! 2016-ல சுப்ரீம் கோர்ட்டும், ஒரே வேலை செய்யிற தற்காலிக ஊழியர்களுக்கும் சம ஊதியம் கொடுக்கணும்னு ஒரு பஞ்சாப் வழக்குல சொல்லிடுச்சு.

பேப்பர்ல எழுத்து எப்பவோ வந்துடுது. அது மனுஷன் கைக்கு வந்து சேரத்தான் ஸ்டிரைக் தேவைப்படுது.

சட்டப் புக்குல ஒரு நைட் அவுட்

அந்த 192 ரூபாய் என்னைத் தூங்க விடல. ரூம்ல உட்கார்ந்து தேடினேன். எக்ஸாமுக்குக்கூட நான் இப்படிப் படிச்சதில்ல. கிடைச்சதை அப்படியே தரேன், மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கங்க.

* தமிழ்நாட்டுல 1958-லயே ஒரு சட்டம் இருக்கு. தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2... இந்த நாலும் கட்டாயம். கூடவே அஞ்சு பண்டிகை நாள். மொத்தம் 9. ஒன்பதுக்கும் சம்பளம் உண்டு!

* அன்னிக்கு வேலை வாங்கினா? ஒண்ணு, டபுள் சம்பளம். இல்லேன்னா அன்னிக்குச் சம்பளம் கொடுத்துட்டு, சம்பளத்தோட இன்னொரு நாள் லீவு. ரெண்டுல எதுன்னு தேர்ந்தெடுக்கிறது தொழிலாளியோட இஷ்டம். முதலாளியோட இஷ்டம் இல்ல. இந்த வரியை அண்டர்லைன் பண்ணிக்கங்க.

* கடை, ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு 1947-ம் வருஷத் தமிழ்நாடு சட்டம் ஒண்ணு. ஒரு வருஷம் வேலை பார்த்தா 12 நாள் ஆண்டு விடுப்பு, அது போக உடம்பு சரியில்லேன்னா 12 நாள், கேஷுவல் லீவ் 12 நாள்.

* ஃபேக்டரி, சுரங்கத்துக்குப் பழைய சட்டங்கள்ல வருஷத்துக்கு 240 நாள் வேலை செஞ்சாத்தான் சம்பளத்தோட ஆண்டு விடுப்பு. (பூமிக்கடியில இறங்குற சுரங்கத்துக்கு மட்டும் 190.) 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புல அது 180 நாளாக் குறைஞ்சிருக்கு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவுங்கிற கணக்கு பொதுவா அப்படியே இருக்கு.

* முதல் தடவை ஓட்டுப் போடப் போறவங்களுக்கு ஒரு ஸ்பெஷல்: தேர்தல் அன்னிக்கு வாக்காளரா இருக்கிற தொழிலாளிக்குச் சம்பளத்தோட லீவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 135பி பிரிவு. தினக்கூலி ஆளுக்கும் அந்த நாள் கூலி உண்டு.

கடைசிப் பாயின்ட்டைப் படிச்சதும் ரீவைண்டிங் அண்ணன் ஞாபகம். 2024 ஏப்ரல் 19 எலெக்‌ஷன் அன்னிக்கு என்ன ஆச்சுன்னு மறுநாள் கேட்டேன். "ஷாப் லீவு. ஓட்டுப் போட்டேன். கூலி இல்ல"ன்னார். ஜனநாயகக் கடமைக்கு 650 ரூபாய் கட்டணம்!

இதுல பெரிய காமெடி என்ன தெரியுமா? இந்தச் சட்டமெல்லாம் தொழிலாளிக்கு. நான் 'இன்டர்ன்'. அப்ரன்டிஸா முறைப்படி சேர்ந்திருந்தாலாவது, அந்த நிறுவனத்துல விடுற லீவு எனக்கும் உண்டுன்னு 1961-ம் வருஷ அப்ரன்டிஸ் சட்டம் சொல்லுது. நான் அதுவும் இல்ல. காலேஜ் லெட்டர் கொண்டு போன பையன், அவ்ளோதான். ஆக, கத்துறதுக்குத் தைரியம் இருக்கிற எனக்கு உரிமை இல்ல. உரிமை இருக்கிற அண்ணன் கத்த மாட்டேங்கிறார்.

ஏன் கேட்கலை?

அதையும் நேராவே கேட்டேன். டீ டயத்துல ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அண்ணா, லீவு விட்டா கூலி இல்ல. வேலை வெச்சா சிங்கிள் கூலி. ரெண்டு வழியிலயும் உங்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். 9 நாள், 650. வருஷத்துக்கு 5,850. ஆறு வருஷத்துக்கு 35,100 ரூபாய்!"

அண்ணன் பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கல.

"பொண்ணு ஸ்கூல் வேன் காசு" என்றார் மெதுவா. அப்புறம், "வுடு தம்பி. நீ போயி கேட்டு வெச்சுடாத. நீ அடுத்த மாசம் காலேஜுக்குப் போயிடுவ. நான் நாளைக்கும் இங்கதான் வரணும்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு மக்களே. 192 ரூபாய்க்கு நான் போட்ட ஆட்டம் என்ன... 35,100 ரூபாயை ஒரு மனுஷன் டீயோட சேர்த்து முழுங்கினது என்ன! கோபப்படுறதுகூட வசதி இருக்கிறவங்களுக்குத்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. எனக்குப் பின்னாடி ஒரு காலேஜ், ஒரு அப்பா, ஒரு ஹாஸ்டல் இருக்கு. அவருக்கு இருக்கிறது நாளைய கூலி.

அவர் பேரை இழுக்காம, 'பொதுவா ஒரு டவுட் சார்'னு முதலாளிகிட்ட பேச்சுக் கொடுத்தேன். மனுஷன் வில்லன் எல்லாம் இல்ல. அவரும் ஒரு காலத்துல காயில் சுத்தினவர்தான். கை நகத்துல இன்னும் வார்னிஷ் கறை இருக்கு. "வேலையெல்லாம் கொட்டேஷன்தான் தம்பி. யாரு கம்மியாப் போடுறாங்களோ அவங்களுக்குத்தான். நான் லீவுச் சம்பளத்தைச் சேர்த்து ரேட் போட்டா, அடுத்த தெருக்காரன் சேர்க்காமப் போட்டு மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிடுவான். முடிச்ச வேலைக்கே மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் வருது"ன்னார்.

அவர் சொன்னது பொய் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. காப்பர் ஒயர் விலையை எந்த முதலாளியாவது கொட்டேஷன்ல விடுவாரா? விட மாட்டார். ஏன்னா ஒயர் கடைக்காரர் கடனைத் திருப்பிக் கேட்பார். லீவுக் கூலியைத்தான் விடலாம். கேட்க ஆள் இல்ல.

ஞாயித்துக்கிழமையும் ஓசியில வரல

நாம சாதாரணமா தூங்கிக் கழிக்கிற ஞாயித்துக்கிழமைக்கே ஒரு வரலாறு இருக்கு. பம்பாய் மில்லுகள்ல வார லீவே இல்லாம வேலை வாங்கின காலத்துல, நாராயண் மேகாஜி லோகாண்டேங்கிறவர் தொழிலாளிகளைத் திரட்டிப் பல வருஷம் போராடினார். 1890 ஜூன் 10-லதான் மில்லு முதலாளிங்க ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கிட்டாங்க. மே தினமும் அப்படித்தான். இந்தியாவுல முதல்முதலா அதைக் கொண்டாடினது நம்ம சென்னையில, 1923-ல, சிங்காரவேலர் தலைமையில, கடற்கரையில.

வெளிநாட்டுல மட்டும் தானா விழுந்துச்சா? பிரான்ஸ்ல 1936-ல ஃபேக்டரிகளை நிறுத்திப் போட்டு நடந்த பெரிய ஸ்டிரைக்குக்கு அப்புறம்தான் சம்பளத்தோட ரெண்டு வாரம் லீவு வந்துச்சு. நாம வாயைப் பிளந்து பார்க்கிற அமெரிக்காவுல, தனியார் கம்பெனி சம்பளத்தோட லீவு கொடுத்தே ஆகணும்னு மத்திய சட்டம் இன்னிக்கு வரைக்கும் கிடையாது. யு.எஸ். போற சீனியர்ங்க கொஞ்சம் நோட் பண்ணிக்கங்க!

நமக்கும் இது வேற யாரோட பிரச்னையோ இல்ல. கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வந்ததும் நாம பார்க்கிற ஒரே இடம் அந்த லட்சக் கணக்குதான். அதுக்கு அடுத்த பக்கத்தையும் திருப்புங்க பாஸ். எத்தனை நாள் லீவு? ட்ரெய்னிங் பீரியட்ல லீவு எடுத்தா 'லாஸ் ஆஃப் பே'வா? பண்டிகை அன்னிக்கு வேலை பார்த்தா காம்ப் ஆஃப் உண்டா? அந்த காம்ப் ஆஃப் எத்தனை நாள்ல காலாவதி ஆகும்? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஏ.சி. ரூம்ல உட்கார்ந்தாலும், லீவு கேட்கப் போகும்போது தொண்டை வறண்டா, நாமளும் கான்ட்ராக்ட் அண்ணன்தான்.

ஆகஸ்ட் 15

ஜூன் கடைசியில இன்டர்ன்ஷிப் முடிஞ்சு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துட்டேன். கிளம்புற அன்னிக்கு, அந்தக் கணக்குப் பேப்பர் எங்கேன்னு அண்ணன்கிட்ட கேட்கத் தோணுச்சு. கேட்கல.

ஆகஸ்ட் கடைசியில ஒரு நாள், சிக்னல்ஸ் க்ளாஸ் நடக்கும்போது போன் அடிச்சுது. அண்ணன்! 'யூ மே கெட் அவுட்' வாங்கிக்கிட்டே வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, ஆகஸ்ட் 15-க்கு வேலை வெச்சாங்க. அவசர மோட்டார். நாலு பேருமாச் சேர்ந்து போயி கேட்டோம். உன் பேப்பரைத்தான் காட்டினேன்."

"அய்யய்யோ... என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் சத்தம் போட்டாரு. அப்புறம் டபுள் கூலி முடியாது, பதிலுக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு தரேன்னாரு. நாங்களும் சரின்னுட்டோம். போன திங்கக்கிழமை எடுத்துக்கிட்டேன்."

சட்டப்படி பார்த்தா எது வேணும்னு சொல்ல வேண்டியது அண்ணன்தான். பழைய ஆறு வருஷக் கணக்கும் அப்படியே நிக்குது. இருந்தாலும் எனக்குக் கேம்பஸ்ல செலக்ட் ஆன மாதிரி குஷி!

"சூப்பர்ண்ணா! என்ன பண்ணீங்க? பொண்ணைக் கூட்டிட்டு எங்கயாச்சும் போனீங்களா?"

"தூங்கினேன் தம்பி" என்றார். "காசு போகுதேங்கிற நெனப்பு இல்லாமத் தூங்கினேன்."

நாலு பேரு, ஒரு பேப்பர், ஒரு திங்கக்கிழமை. ஆறு வருஷத்துல அவருக்குக் கிடைச்ச முதல் சம்பள லீவு. இன்னும் எட்டு பாக்கி. அக்டோபர் 2 வருது, பார்ப்போம்!

அடுத்த வாரம் வேற சப்ஜெக்ட்டோட கேன்டீன்ல மீட் பண்ணலாம். அதுக்குள்ள ஒரு ஹோம் வொர்க்: உங்க அப்பா, அம்மா, அண்ணன்... யாரு வேலைக்குப் போறாங்களோ, அவங்களுக்கு அந்த 9 நாளும் சம்பளத்தோட கிடைக்குதான்னு இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்க. அவங்களும் 'வுடு'ன்னு சொன்னா, ஒரு பேப்பரை எடுத்துக் கணக்கைப் போடுங்க.

பி.கு: என் 192 ரூபாய் இன்னும் வரல!